கணக்குப் படிப்பித்தால் மூளைக் கட்டி வளருமா?

முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், ஆளை அடையாளம் காட்டக்கூடிய வேறு விவரங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தம்பிக்கு 36 வயது. 2009இல், இருபது வயதில், தலையின் வலது பின்பக்கத்தில் எறிகணையின் (செல்) துண்டு பட்டது. பெரிய துண்டை எடுத்துவிட்டார்கள். சின்னதாக இரண்டு இன்னும் உள்ளே இருக்கின்றன. முகாமிலிருந்து ஊர் திரும்பி, விட்ட படிப்பைத் தொடர்ந்து, பிறகு வீட்டு முற்றத்தில் கொட்டில் போட்டு சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் கொடுத்து வந்தார். மூன்று வருடத்துக்கு முன் வலிப்பு வரத் தொடங்கியது. தலையில் இருக்கிற துண்டால்தான் என்று வீட்டாரும் நினைத்தார்கள், வைத்தியர்களும் அப்படியே எடுத்துக்கொண்டு மருந்து கொடுத்தார்கள். போன வருடம் வலது கை பலம் குறைந்து, பேசும்போது சொற்கள் தடுமாறின. சீ.ரி. ஸ்கானில் மூளையின் இடது முன்பக்கத்தில் கட்டி தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை செய்தார்கள், முழுவதையும் எடுக்க முடியவில்லை. ரிப்போர்ட்டில் 'அஸ்ட்ரோசைற்றோமா, தரம் 3' என்று இருக்கிறது. (மூளையின் துணைக் கலங்களில் உண்டாகும் ஒரு வகைப் புற்றுக் கட்டி அது; தரம் கூடக் கூட நோய் கடுமை.) கதிர்ச் சிகிச்சை முடிந்து, இப்போது மாதத்தில் ஐந்து நாள் டெமோசொலமைட் என்ற புற்றுநோய்க் குளிசை எடுக்கிறார். வலிப்புக்கு லெவெற்றிரசெற்றம், காலையும் இரவும்.

இந்த நிலையில் ரொறன்ரோவில் இருக்கும் மாமாவின் மகன் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். மூளைக் கட்டி பக்கத்தில் உள்ள நரம்புக் கலங்களோடு இணைந்து, அவற்றின் இயக்கத்தால் வளர்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். வலிப்பு மருந்து சிலவற்றால் அதைத் தடுக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. அதைப் படித்த அன்றே இந்தச் சகோதரி ரியூசன் பிள்ளைகளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தம்பியின் புத்தகங்களையும் போனையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். "யோசிக்க யோசிக்க அது வளருது என்றால் யோசிக்க விடாமல் பார்ப்பதுதானே அக்காவின் வேலை" என்று எழுதுகிறார். அடுத்த வரியில், தம்பி இப்போது யாரோடும் கதைப்பதில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார் என்றும் எழுதுகிறார்.

அவருடைய கேள்விகள் இவை. கட்டி செல் துண்டால் வந்ததா, மூன்று வருடத்தை நாங்கள் வீணாக்கிவிட்டோமா? ரியூசனை நிறுத்தியது சரிதானே? வலிப்புக் குளிசையை இரண்டு மடங்காக்கலாமா, அல்லது செய்தியில் உள்ள மருந்தைக் கனடாவிலிருந்து எடுப்பிக்கலாமா? கொழும்பில் ஒரு ஏஜென்சிக்காரர் அந்த ஆராய்ச்சியில் தம்பியைச் சேர்த்துவிடலாம் என்று பணம் கேட்கிறார், குளத்துக்குக் கீழே உள்ள இரண்டு ஏக்கர் வயலை விற்கலாமா? அந்த ஆய்வாளருக்கே கடிதம் எழுதினால் உதவுவாரா?

அன்பான சகோதரிக்கு,

நான் வவுனியாவில் நோயாளிகளைப் பார்க்கும் வைத்தியன். அதற்கு முன் சில வருடங்கள் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் மூளைக் கட்டிக் கலங்களை வளர்த்து, அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதையே தொழிலாகச் செய்தவன். அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் படிக்க முடிந்தது. தம்பியின் ஸ்கானை நான் பார்க்கவில்லை. அவருடைய மருந்தைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அவரைப் பார்க்கும் வைத்தியர்கள்தான். ஆனால் நீங்கள் கேட்ட ஒன்றுக்கு நான் இப்போதே பதில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்: அலுமாரியைத் திறந்து புத்தகங்களைக் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று கீழே விளக்குகிறேன்.

செல் துண்டும் அந்த மூன்று வருடமும்

தலையில் காயம் பட்டதால் இந்த வகைக் கட்டி உண்டாகும் என்று இதுவரை நிறுவப்படவில்லை. இந்தக் கட்டிகளுக்கு உறுதியாகத் தெரிந்த வெளிக்காரணம் தலைக்குக் கொடுக்கப்பட்ட அதிக அளவு கதிர்வீச்சு, உதாரணமாகச் சிறுவயதில் தலைக்குக் கொடுத்த கதிர்ச் சிகிச்சை. அதைவிட, ஒரு சிலருக்குப் பரம்பரையாக வரும் மரபணுக் குறைபாடுகள் உண்டு. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் என்று விரல் நீட்ட எதுவும் இருப்பதில்லை. உங்கள் தம்பிக்குத் துண்டு இருப்பது வலது பின்பக்கம், கட்டி இடது முன்பக்கம். அதையும் கவனியுங்கள்.

வலிப்பு விஷயத்தில் நீங்கள் யாரும் முட்டாள்தனமாக நடக்கவில்லை. துண்டு மூளைக்குள் பாய்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பின்னாளில் வலிப்பு வருகிறது. வியட்நாம் போரில் காயப்பட்ட அமெரிக்கப் படையினரைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்து அறிந்த விஷயம் இது. காயம் பட்டு எத்தனையோ வருடம் கழித்தும் முதல் வலிப்பு வரலாம். வன்னியில் தலையில் துண்டோடு வாழும் ஒருவருக்கு வலிப்பு வந்தால் எந்த வைத்தியருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் இதே நிலையில் உள்ள மற்ற வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வலிப்பின் தன்மை மாறினாலோ, மருந்துக்கு அடங்காமல் கூடினாலோ, கை கால் பலம் குறைந்தாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, பழைய காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். புதிதாக ஸ்கான் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எம்.ஆர்.ஐ. எடுக்க மறுத்துவிட்டார்கள் என்று கோபப்பட்டிருந்தீர்கள். அது அலட்சியம் இல்லை. அந்த இயந்திரம் மிகப் பலமான காந்தம். உள்ளே இருக்கும் இரும்புத் துண்டு அசையலாம், சூடாகலாம். தம்பியின் பாதுகாப்புக்காகத்தான் சீ.ரி.யோடு நின்றிருக்கிறார்கள்.

அந்த ஆய்வுகூடத்தில் நடந்தது என்ன?

மச்சான் அனுப்பிய செய்தி பொய் இல்லை. இந்தத் துறையில் என் காலத்தில் நடந்த மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று அது. 2015இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மிஷெல் மொன்ஜேயின் குழு, நோயாளிகளிடமிருந்து எடுத்த கட்டிக் கலங்களைச் சுண்டெலிகளின் மூளைக்குள் வைத்தது. அந்த எலிகளின் நரம்புக் கலங்கள், ஒளி பட்டால் தூண்டப்படும்படி மாற்றப்பட்டவை. மூளையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒளி பாய்ச்சித் தூண்டியபோது அங்கே இருந்த கட்டிக் கலங்கள் கூடுதலாகப் பெருகின. இயங்கும் நரம்புக் கலங்கள் வெளியே விடும் நியூரோலிகின்-3 என்ற புரதம் அதற்கு ஒரு முக்கிய காரணம் என்று கண்டார்கள். அதே வருடம் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க்கில் ஃபிராங்க் விங்க்லரின் குழு, கட்டிக் கலங்கள் நீண்ட நுண்ணிழைகளை நீட்டி ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதையும், அப்படிப் பின்னிக்கொண்ட கலங்கள் கதிர்ச் சிகிச்சையைக் கூடுதலாகத் தாங்குவதையும் காட்டியது.

2019இல் இந்த இரண்டு குழுக்களும் வெளியிட்டதுதான் எல்லோரையும் நிமிர்ந்து பார்க்க வைத்தது. இரண்டு நரம்புக் கலங்கள் சந்தித்துச் செய்தி கடத்தும் இடத்தை சினாப்ஸ் என்பார்கள். கட்டிக் கலங்களும் நரம்புக் கலங்களோடு அதே மாதிரி சினாப்ஸ் அமைத்து, குளுட்டமேற்று என்ற இரசாயனம் வழியாகச் சமிக்ஞை வாங்கிக்கொள்கின்றன. அதுவரை கட்டியை மூளைக்குள் தனியாக வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு பொருளாகத்தான் பார்த்தோம். அது மூளையின் இணைப்புகளுக்குள்ளேயே நுழைந்து கொள்கிறது என்றால், புற்றுநோயை ஆராய்பவரும் நரம்பியலை ஆராய்பவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். புற்றுநோய் நரம்பியல் என்று ஒரு துறையே இப்போது உருவாகிவிட்டது. அதற்காக மொன்ஜேக்கும் விங்க்லருக்கும் 2025இல், டென்மார்க்கிலிருந்து வழங்கப்படும் மூளை ஆய்வுக்கான பெரிய பரிசு கிடைத்தது.

சரி, இதிலிருந்து உங்கள் வீட்டுக்கு என்ன வருகிறது? ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன் என்பதால் செய்தியில் விடுபட்டதைச் சொல்கிறேன். அந்த எலிகள் எல்லாம் ஒரே இனம், ஏறக்குறைய ஒரே வயது. மனிதக் கட்டியை ஏற்றுக்கொள்வதற்காக நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாதபடி வளர்க்கப்பட்டவை. கட்டிக் கலங்களை எந்த இடத்தில், எத்தனை வைக்க வேண்டும் என்பதை நாங்களே தீர்மானிப்போம். ஒரு காரணத்தைத் தனியே பிரித்துப் பார்க்க இப்படித்தான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் அப்படிப் பிரித்துப் பார்த்த ஒன்று, கதிர்ச் சிகிச்சையும் குளிசையும் எடுத்துக்கொண்டிருக்கும் 36 வயது மனிதனில் அதே அளவுக்கு வேலை செய்யுமா என்பது வேறு கேள்வி. நியூரோலிகின்-3 இல்லாத எலிகளில் கட்டி மாதக்கணக்கில் வளராமல் தேங்கி நின்றதாக 2017இல் மொன்ஜேயின் குழு எழுதியது. அதே கட்டுரையில், சில எலிகளில் கட்டி வேறு வழி கண்டு மறுபடி வளர்ந்ததையும் எழுதினார்கள். முதல் பாதி செய்தியாகிறது. இரண்டாம் பாதியை ஆய்வாளர்கள்தான் படிக்கிறார்கள்.

நீங்கள் வயல் செய்கிறவர்கள். புதிய நெல்லினம் ஒன்று பரிசோதனைப் பாத்தியில் நன்றாக விளைந்தது என்று கேள்விப்பட்டு, பெரும்போகத்துக்கு இருக்கிற வயல் முழுவதிலும் அதை விதைக்க மாட்டீர்கள். உங்கள் மண்ணில், உங்கள் குளத்துத் தண்ணீரில், ஒரு மழைக்கும் ஒரு பூச்சிக்கும் தாங்குகிறதா என்று யாராவது பார்த்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். மருந்துக்கு அந்தப் பார்வைதான் மருத்துவப் பரிசோதனை. முதலில் சிலரில் பாதுகாப்பான அளவு எது என்று பார்ப்பார்கள். பிறகு இன்னும் சிலரில் பலன் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியில் நூற்றுக்கணக்கானவர்களில் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். இந்தப் பாதையில் கடைசி வரை வராமல் நின்றுபோகும் மருந்துகளே அதிகம். அதை நேரில் பார்த்து வருந்தியவர்களில் நானும் ஒருவன்.

ரியூசனைத் திரும்பத் தொடங்கவிடுங்கள்

உங்கள் பயத்தின் வேர் 'இயக்கம்' என்று செய்தி சொன்னதை 'யோசனை' என்று நீங்கள் எடுத்துக்கொண்டதில் இருக்கிறது. நரம்புக் கலங்கள் ஒருநாளும் ஓய்வதில்லை. தம்பி நித்திரை கொள்ளும்போதும் அவை மின்துடிப்புகளை அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. புத்தகத்தைப் பறித்ததால் அவருடைய மூளை அமைதியாகிவிடவில்லை. கணக்குக்குப் பதிலாகப் பயத்தையும், வீட்டுக்குப் பாரமாகிவிட்டேன் என்ற எண்ணத்தையும் அது சுற்றிச் சுற்றி யோசிக்கிறது. எலியின் மூளையில் ஒரு புள்ளியில் ஒளியால் வலுக்கட்டாயமாகத் தூண்டுவதும், ஒரு மனிதன் இருபடிச் சமன்பாடு விளங்கப்படுத்துவதும் ஒன்றல்ல.

இன்னொரு ஆய்வையும் மச்சான் அனுப்பியிருக்கலாம். 2023இல் சான்ஃபிரான்சிஸ்கோவில், நோயாளியை விழிப்பாக வைத்துச் சத்திரசிகிச்சை செய்யும்போது, பேசச் சொல்லி மூளையின் மின்னியக்கத்தைப் பதிந்தார்கள். கட்டி பரவிய பகுதியும் பேச்சில் சேர்ந்து இயங்கியது. மூளையோடு கூடுதலாக இணைந்த கட்டி உள்ளவர்களின் ஆயுள் குறைவாக இருந்தது. இது கட்டியின் இணைப்பைப் பற்றிய உண்மை. நோயாளி அதிகம் பேசியதால் ஆயுள் குறைந்தது என்று அதில் இல்லை. வாசிப்பது, படிப்பிப்பது, சிரித்துக் கதைப்பது மூளைக் கட்டியை வேகப்படுத்தும் என்று எந்த ஆய்வும் மனிதரில் காட்டவில்லை. யோசிக்காமல் இருப்பது உலகத்தில் எங்கேயும் சிகிச்சையாகக் கொடுக்கப்படுவதும் இல்லை.

கதிர்ச் சிகிச்சைக்குப் பிறகு களைப்பு, மறதி, சொல் வராமல் நிற்பது எல்லாம் வரும். அவற்றோடு வாழப் பழக ஒருவருக்கு வேலை வேண்டும், தன்னை நம்பி வருகிற ஆட்கள் வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், தம்பி மனச்சோர்வுக்குள் போய்விட்டார் என்று சந்தேகிக்கிறேன். மூளைக் கட்டி உள்ளவர்களுக்கு அது மிகச் சாதாரணமாக வருகிறது, சிகிச்சையும் உண்டு. அவர் குடிக்கும் லெவெற்றிரசெற்றம்கூடச் சிலருக்கு எரிச்சலையும் மனச்சோர்வையும் உண்டாக்கும். அடுத்த கிளினிக்கில் இதைத் தனியாக எடுத்துச் சொல்லுங்கள். 'சாகலாம் போலிருக்கு' என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். நீங்களும் உங்களுக்காக எடுக்கலாம்.

ரியூசனை முந்தி மாதிரியே தொடங்க வேண்டியதில்லை. நாலு பிள்ளைகள், களைப்பில்லாத காலை நேரம், அரை மணித்தியாலம். வலது கையால் எழுதக் கஷ்டம் என்றால் ஒரு பிள்ளை கரும்பலகையில் எழுதட்டும், அவர் சொல்லட்டும். சொல் தடுமாறினால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லியும் கேளுங்கள். உண்மையில் நீங்கள் காவல் இருக்க வேண்டிய ஓய்வு ஒன்று உண்டு, அது இரவு நித்திரை. நித்திரை கெட்டால் வலிப்பு வரும்.

குளிசையைக் கூட்ட வேண்டாம்

கண்டுபிடிப்பைக் கேட்டதும் எங்களுக்கும் உங்கள் யோசனைதான் வந்தது: நரம்பின் இயக்கம் கட்டிக்கு உதவுகிறதென்றால், வலிப்பு மருந்து கட்டியையும் அடக்கும்தானே? இந்தக் கேள்வி முந்தியே வேறு வடிவில் கேட்கப்பட்டிருக்கிறது. வல்புரோயேற்று மருந்து புற்றுநோய்க் கலங்களையும் தாக்கலாம் என்று ஆய்வுகூடங்களில் நல்ல நம்பிக்கை இருந்தது. கிளியோபிளாஸ்டோமா என்ற மிகக் கடுமையான மூளைக் கட்டி உள்ள 1800க்கு மேற்பட்டவர்களின் தரவுகளை, பல பரிசோதனைகளிலிருந்து ஒன்றாகச் சேர்த்து 2016இல் பார்த்தபோது, வல்புரோயேற்று எடுத்தவர்களோ தம்பி எடுக்கும் லெவெற்றிரசெற்றம் எடுத்தவர்களோ மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை.

குளுட்டமேற்றுச் சமிக்ஞையை நேராகத் தடுக்கும் பெரம்பனெல் என்ற இன்னொரு வலிப்பு மருந்தை மூளைக் கட்டியில் சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மச்சான் சொன்னது அதைத்தான் என்று நினைக்கிறேன். கடும் கோபம், பிறருக்குத் தீங்கு செய்யும் எண்ணம் வரை போகக்கூடிய மனமாற்றங்களுக்காக அந்த மருந்தின் தகவல் தாளில் கட்டம் கட்டிப் பலமான எச்சரிக்கை போடப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே சோர்ந்து கிடக்கும் ஒருவருக்கு, கண்காணிக்க யாருமில்லாத வீட்டில், தபாலில் வந்த அந்தக் குளிசையைக் கொடுக்க வேண்டாம். லெவெற்றிரசெற்றத்தை நீங்களாகக் கூட்டினாலும் தூக்கமும் எரிச்சலும்தான் கூடும். நீங்களாகக் குறைத்தால் வலிப்பு அடுக்கடுக்காக வரலாம்.

வலிப்பு மருந்தின் வேலை வலிப்பை நிறுத்துவது. அதை ஒரு நேரம்கூட விடாமல் கொடுத்து வந்திருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதுவே பெரிய காரியம். ஆனால் கிணற்றடிப் பாதுகாப்பைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. தம்பி தனியாகக் கிணற்றில் அள்ளிக் குளிக்கக் கூடாது, கட்டு உயரமில்லாத கிணறு என்றால் பக்கத்திலேயே போகக் கூடாது. குளத்தில் இறங்கக் கூடாது, மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது, விறகடுப்பில் தனியாக நிற்கக் கூடாது. வலிப்பு வந்தால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள், கையில் இரும்பைத் திணிப்பதாலும் பலன் இல்லை. நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளியாமல் அடுத்தது வந்தாலோ 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

டெமோசொலமைட் குருதித் தட்டுகளையும் வெண்கலங்களையும் குறைக்கும். காய்ச்சல் வந்தால் பனடோலோடு வீட்டில் வைத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள், வாட்டில் நிற்கும் வைத்தியரிடம் இந்தக் குளிசையின் பெயரை முதலில் சொல்லுங்கள். டெங்குக் காலத்தில் தட்டு குறைந்தால் காரணம் எது என்று அவர் யோசிக்க அது உதவும்.

வயலும் ஏஜென்சிக்காரரும்

வயலை விற்க வேண்டாம். இவ்வளவு திட்டவட்டமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முறையான மருத்துவப் பரிசோதனையில் சேர்வதற்கு நோயாளியிடம் இடம் பிடித்துத் தரப் பணம் வாங்குவதில்லை. சோதிக்கப்படும் மருந்து இலவசமாகவே கொடுக்கப்படும். சேரமுன் ஒழுக்கவியல் குழு ஒன்றின் அனுமதி இருக்க வேண்டும். என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து என்பதை உங்களுக்கு விளங்கும் மொழியில் எழுதித் தர வேண்டும், தம்பியே கையெழுத்திட வேண்டும். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலக அவருக்கு உரிமை உண்டு, விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்த முடியாது. ஏஜென்சிக்காரரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அந்தப் பரிசோதனையின் பதிவு இலக்கம் என்ன? இலங்கையில் நடப்பவை இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இருக்கும், அமெரிக்காவில் நடப்பவை அந்த நாட்டு அரசின் பதிவேட்டில் இருக்கும். இரண்டையும் இணையத்தில் யாரும் பார்க்கலாம். மச்சானுக்கு ஆங்கிலம் தெரியும், அவரையே தேடச் சொல்லுங்கள். யாரைச் சேர்க்கலாம் என்ற நிபந்தனைகளும் அங்கே இருக்கும். பல பரிசோதனைகள் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதவர்களைச் சேர்ப்பதில்லை. தம்பியின் விஷயத்தில் அது பெரிய தடை. அதை உங்களிடம் சொல்லாமல் பணம் கேட்டவரை நான் நம்ப மாட்டேன்.

வேறு ஒரு இடத்தில் உங்கள் முயற்சியைச் செலவிடச் சொல்வேன். தம்பியின் கட்டியில் ஐ.டி.எச். என்ற மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தார்களா? அந்த மாற்றத்தை 2008இல் கண்டுபிடித்தார்கள். இன்று இந்தக் கட்டிகளைப் பிரித்துப் பெயரிடுவதே அதை வைத்துத்தான். இந்த வயதில், தரம் 3இல், அது இருப்பதற்கான வாய்ப்பு அதிகம். இருந்தால் நோய் மெதுவாகப் போகும், நல்ல நிலையில் பல வருடங்கள் இருப்பவர்கள் உண்டு. சத்திரசிகிச்சையில் எடுத்த திசுவை மெழுகுக் கட்டியாக வைத்தியசாலை வைத்திருக்கும், தலையைத் திரும்பத் திறக்க வேண்டியதில்லை. 'ஐ.டி.எச். பரிசோதனை செய்தாயிற்றா, இல்லையென்றால் அந்தத் திசுவில் செய்யலாமா?' என்று கிளினிக்கில் கேளுங்கள். அந்த மாற்றத்தையே குறிவைக்கும் வொராசிடெனிப் என்ற குளிசைக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது தரம் 2 கட்டிக்கு, அதனால் இன்று தம்பிக்கு உரியது அல்ல. ஆனால் நாளைக்கு எது வந்தாலும் 'உங்கள் கட்டியில் ஐ.டி.எச். என்ன?' என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இந்த நோய் முற்றாக மாறிவிடும் என்று உங்களுக்கு வாக்குத் தர என்னால் முடியாது. தம்பி இப்போது எடுக்கும் சிகிச்சை இரண்டாம் தரமானது என்ற எண்ணத்தையாவது விட்டுவிடுங்கள். முடிந்த அளவு சத்திரசிகிச்சை, கதிர், பிறகு டெமோசொலமைட். ரொறன்ரோவிலும் தரம் 3க்கு அடிப்படை இதுதான். அதை இங்கே அரசாங்க வைத்தியசாலையில் காசில்லாமல் பெறுகிறீர்கள். இரண்டாவது அபிப்பிராயம் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. சீ.ரி. படங்கள், சத்திரசிகிச்சைக் குறிப்பு, திசு ரிப்போர்ட் ஆகியவற்றின் பிரதிகளைக் கேட்டு வாங்கி, மகரகம அபேக்சா புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கடிதம் தரும்படி இப்போது பார்க்கும் வைத்தியரிடமே கேட்கலாம். அவர் கோபிக்க மாட்டார். செலவு நெருக்கினால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவியைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

ஆய்வாளருக்கு எழுதலாமா?

எழுதலாம். ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். ஆய்வுகூடத்தில் மருந்து தயாரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. அங்கே இருப்பவை கலங்கள், எலிகள், நுணுக்குக்காட்டிகள், பல வருடம் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டும் சில இளையவர்கள். 'என் தம்பியைக் காப்பாற்றுங்கள்' என்று வரும் கடிதங்களை நாங்கள் படிப்போம், படித்துவிட்டு நெடுநேரம் ஒரு வேலையும் ஓடாது, ஆனால் கொடுக்கக் கையில் எதுவும் இருக்காது. அதனால் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: 'தரம் 3 அஸ்ட்ரோசைற்றோமா, தலையில் உலோகத் துண்டு, எம்.ஆர்.ஐ. முடியாது, இப்படியானவர் சேரக்கூடிய பரிசோதனை எங்காவது உண்டா?' ஐ.டி.எச். முடிவு வந்த பிறகு எழுதினால் பதில் இன்னும் தெளிவாக வரும். ஒரு பக்கம் போதும். ஆங்கிலத்தில் மச்சான் எழுதட்டும், எழுதுவதற்கு முன் தம்பியிடம் வாசித்துக் காட்டட்டும். அவருடைய தலையைப் பற்றிய கடிதம், அனுப்புவதா இல்லையா என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

அப்படியே மச்சானிடம், மருந்து அனுப்ப வேண்டாம், கிளினிக் நாட்களில் பரந்தன் வழியாக யாழ்ப்பாணம் போய்வர வான் கூலி அனுப்பினால் உதவி என்று சொல்லுங்கள். கதிர் எடுத்துக் களைத்த ஒருவர் அந்தத் தூரத்தை பஸ்ஸில் நின்றுகொண்டு போகக் கூடாது. ஐ.டி.எச். பற்றி வைத்தியர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.